நைஸ் எப்படிப் புளித்தது?

என் அக்கா மகள் லண்டனில் வளர்ந்தவள். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு நாள், குருமாவுக்குத் தேங்காயும் கசகசாவும் மிக்ஸியில் போட்டு, "நைஸா அரைச்சுக் குடு கண்ணு" என்றார் என் அம்மா. அவள் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, மேடையில் ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு சுற்று விட்டாள். விழுதை வழித்துக் கிண்ணத்தில் வைத்து, கிண்ணத்தின் ஓரத்தைக்கூடத் துணியால் துடைத்தாள். அம்மா ஒரு துளியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். "நைஸாவே இல்லையேடி, திப்பிதிப்பியா இருக்கு." பிள்ளைக்கு முகம் சுண்டிப் போயிற்று. "இவ்வளவு நைஸா செஞ்சேனே பாட்டி!"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு நைஸ் என்றால் விரலில் நெருடாத பதம். பேத்திக்கு நைஸ் என்றால் நல்லபடியாக, அழகாக. அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும் நேரம் வந்ததும் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். "பாரு, எப்படி நைஸா நழுவுறா" என்றார் அம்மா. ஒரே நாளில், ஒரே சமையலறையில், மூன்றாவது நைஸ்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வாங்கிய பொருள்களோடு ஒப்பிட்டால் மூன்று என்பது சொற்பம். ஏறத்தாழ 700 வருஷத்தில் முட்டாள், கோழை, பகட்டுக்காரன், குறைகண்டுபிடிக்கும் ஆசாமி, துல்லியம், மென்மை, சுவை, இனிமை, அன்பு என்று எல்லா வீட்டிலும் ஏறி இறங்கியிருக்கிறது. முதல் வீடு முட்டாள் வீடு. இன்று ஒருவரை நைஸான மனுஷர் என்று புகழ்கிறோம். 1300-இல் இதே சொல்லால் அழைத்திருந்தால் அவர் கைகலப்புக்கு வந்திருப்பார்.

ஒரு சொல் இப்படி எப்படி மாறும்? அகராதியைப் பிரித்தால் பொருள்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிக்கட்டு மாதிரி இருக்கும். ஏதோ ஒரு நாள் ஊர் கூடி, இனிமேல் முட்டாள் வேண்டாம், துல்லியம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த மாதிரி தோன்றும். அப்படி நடப்பதில்லை. நடப்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது வீட்டில் இருக்கும் மாவுத் தூக்குதான். அதை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அரிசி பருப்பு. நைஸின் மூலச்சரக்கு லத்தீனில் இரண்டு துண்டு: இல்லை என்று சொல்லும் 'நெ', அறிதல் என்று பொருள்படும் 'ஸ்கீரே'. இரண்டும் சேர்ந்து 'நெஸ்கியுஸ்', அறியாதவன். அதே ஸ்கீரேயிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். ஆக, சயின்ஸும் நைஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று அறிவு, மற்றது அறிவின்மை. இன்னும் கொஞ்சம் கிண்டினால் நமக்குத் தெரிந்த முகங்களும் தட்டுப்படுகின்றன. அந்த 'நெ'வும், நாத்திகம் என்ற சொல்லின் முதலில் நிற்கும் வடமொழி 'ந'வும் ஒரே குடும்பம். ஸ்கீரேயின் அடியில் வெட்டுதல், பிரித்தல் என்ற பழைய வேர் இருப்பதாக மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்ப்பதுதானே அறிதல்? அந்த வேரின் வடமொழிக் கிளையில் பிறந்த சொல்லைத்தான் நாம் சின்னாபின்னம் என்று உடைந்த சட்டிக்குச் சொல்கிறோம். நைஸும் சின்னாபின்னமும் தூரத்துச் சொந்தம் என்று அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும், அடுப்பைக் குறை" என்றார்.

அடுத்தது ஊறல். லத்தீன் அரிசி பிரெஞ்சுத் தண்ணீரில் ஊறியது. லத்தீனில் அறியாதவன் என்றால் குறிப்பிட்ட ஒரு விஷயம் தெரியாதவன், அவ்வளவுதான். அதில் வசை கிடையாது. எதுவுமே தெரியாதவன், கைக்கு லாகவம் போதாதவன், நோஞ்சான், ஏழை, அசடு என்றெல்லாம் பழைய பிரெஞ்சில் சொல் உப்பிப் பெருத்தது. வடிவமோ சுருங்கி 'நீஸ்' ஆகிவிட்டது. நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாகக் கடலைத் தாண்டின. இதுவும் அதில் ஒன்று. ஆங்கிலேயரும் வெகுநாள் 'நீஸ்' என்றுதான் உச்சரித்தார்கள். 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் மொத்தமும் இடம் பெயர்ந்தபோதுதான் நீஸ் நைஸாயிற்று.

(அதே எழுத்துகளோடு பிரான்சின் தென்கரையில் நீஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. மேலே சர்க்கரை தூவிய, தேங்காய் மணக்கும் நைஸ் பிஸ்கட்டை எடுத்தால், அது நகரமா பண்பா என்று இங்கிலாந்தில் இன்றும் சண்டை போடுவார்கள். ஊர்ப்பெயர் கிரேக்க நிகாயாவிலிருந்து வந்தது, வெற்றியைக் குறிப்பது. நம் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சீரக டப்பாவும் சோம்பு டப்பாவும் பக்கத்தில் இருக்கிற மாதிரி.)

இனி புளிப்பு. முக்கியமான வேலை நடப்பது இங்கேதான்.

மாவை யார் புளிக்க வைக்கிறார்கள்? நாம் உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைப்பதோடு சரி. மிச்சம், உளுந்தோடும் அரிசியோடும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியாக்களின் வேலை. லியூக்கோனாஸ்டாக் என்று ஒரு வகை. அது விடும் வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. இந்த நிமிஷத்தில் புளித்தது என்று காட்ட முடியாது. ராத்திரி பத்து மணிக்குப் புளிக்காத மாவு, காலை ஆறு மணிக்குப் புளித்த மாவு. நடுவே எந்த நொடியில் தூக்கைத் திறந்தாலும், கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவுமாகத்தான் இருக்கும்.

சொல்லுக்கு அந்தப் பாக்டீரியா, அதன் பக்கத்தில் வந்து உட்காரும் சொற்கள்தான். யாரும் அகராதி பார்த்துப் பேசக் கற்பதில்லை. பெரியவர்கள் ஒரு சொல்லை எங்கெங்கே போடுகிறார்கள் என்று கவனித்து, இதற்கு இதுதான் பொருளாக இருக்கும் என்று குழந்தை ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரி. சில சமயம் அரை அங்குலம் தள்ளிப் போகும். அந்த அரை அங்குலம்தான் புளிப்பு.

நைஸ் விஷயத்தில் அது நடந்த விதத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். உடைக்கு அநியாயத்துக்குச் செலவு செய்கிறான் ஒருத்தன். பார்ப்பவர் அவனை நைஸ் என்கிறார். சொன்னவர் மனதில் முட்டாள். கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கோ, உடையில் அதிக அக்கறை காட்டுகிறவனுக்குத்தான் நைஸ் என்று பெயர் போலிருக்கிறது என்று படுகிறது. வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. பையன் வளர்ந்து, சாப்பாட்டில் கறிவேப்பிலையைக்கூட எண்ணி ஒதுக்குகிற ஒரு பிடிவாதக்காரரைப் பார்த்து நைஸ் என்கிறான். இப்போது முட்டாள் பாதி கரைந்துவிட்டான். எதிலும் குறை காண்கிற, எளிதில் திருப்தியடையாத ஆள் மேலே மிதக்கிறான். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பொருள் ஆங்கிலத்தில் காணக் கிடைக்கிறது.

இரண்டாம் நாள் மாவை நினைத்துப் பாருங்கள். இட்லியும் வார்க்கலாம், தோசையும் ஊற்றலாம். இட்லி கொஞ்சம் புளிக்கும், தோசை கொஞ்சம் வெளுக்கும், ஆனால் இரண்டும் வரும். பொருள் மாறுகிற எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஓர் இரண்டாம் நாள் உண்டு. அந்த நாள் இல்லாமல் முட்டாளிலிருந்து துல்லியத்துக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. நைஸுக்கோ அந்த இரண்டாம் நாள் மிக நீண்டது. 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல் வரும் பல இடங்களில், எழுதியவர் எந்தப் பொருளை மனதில் வைத்து எழுதினார் என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே கைவிரித்துவிட்டது. தூக்கில் பழைய மாவும் புது மாவும் கலந்து கிடந்த காலம் அது.

பிறகு வந்த திருப்பம் சமையலறைக்கு ரொம்பப் பக்கம். குறை காண்கிற மனிதரிலிருந்து அவர் முன்னால் இருக்கும் பண்டத்துக்குச் சொல் தாவியது. நாக்கு நைஸ் என்றால் கண்டிப்பான நாக்கு. அந்த நாக்கும் ஏற்றுக்கொள்கிற பண்டம்? அதுவும் நைஸ்தான். நம் பேச்சிலும் இந்தத் தாவல் சகஜம். நல்ல கை என்கிறோம், அந்தக் கை வைத்த குழம்பையும் நல்ல குழம்பு என்கிறோம். இப்படித்தான் ஆளைக் குறித்த சொல், நுட்பமாகக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கும், நுட்பமாகச் செய்யப்பட்ட பொருளுக்கும் பெயரானது. மயிரிழை வித்தியாசத்தைக் காட்டும் தராசு நைஸ். இரண்டு சட்டக் கருத்துகளுக்கு இடையே உள்ள நூலளவு வேறுபாடு நைஸ். வக்கீல்களின் ஆங்கிலத்தில் இன்றும் இது சாகவில்லை. கேள்வி நைஸானது என்று நீதிபதி சொன்னால் பாராட்டுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது, அது தீர்க்கக் கடினமான நுண்ணிய கேள்வி என்று பொருள்.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி இந்தக் கட்டத்தைத்தான் படம்பிடிக்கிறது: நுணுக்கமான துல்லியம், எச்சரிக்கை, அருவருப்புக் குணம், மென்மை. ஆனால் அவர் அகராதி அச்சாகிக்கொண்டிருந்த நாளிலேயே தூக்கின் மேல் நுரை கட்ட ஆரம்பித்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மனதுக்குப் பிடித்த எதுவும் நைஸ். 1830 வாக்கில் அன்பாக நடந்துகொள்கிற மனிதரும் நைஸ்.

இதைப் பார்த்துக் கடுப்பானவர்கள் இருந்தார்கள். அவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு கற்பனை மனிதர்: ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலில் வரும் ஹென்றி டில்னி. 1790-களின் இறுதியில் எழுதப்பட்டு, ஆஸ்டின் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த நாவல் அது. பாத் நகரத்துக்கு அருகில் பீச்சன் கிளிஃப் என்ற குன்றில் நடந்துகொண்டே பேசுகிறார்கள். கதாநாயகி கேதரின், ஆன் ராட்கிளிஃப் எழுதிய ஒரு திகில் நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்று சொல்லிவிடுகிறாள். டில்னி பிடித்துக்கொள்கிறார். நைஸ் என்றால் கச்சிதம் என்று வைத்துக்கொண்டு, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கிண்டல் செய்கிறார். அப்புறம், இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள் என்று அடுக்கி, எதற்கு வேண்டுமானாலும் ஆகிற சொல்லாகிவிட்டது என்று சலித்துக்கொள்கிறார். ஆதியில் இது நேர்த்தியையும் நுண்மையையும் குறிக்க மட்டுமே பயன்பட்டிருக்கும் என்பது அவர் கட்சி.

பாவம் டில்னி. அவர் ஆதி என்று நினைத்தது நேற்று ராத்திரி மாவு. அதற்கு முன்னால் அதே தூக்கில் அசடு இருந்தது அவருக்குத் தெரியாது. சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான் என்று மேசையைத் தட்டுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். அவரவர் சின்ன வயசில் சாப்பிட்ட பதம்தான் அவரவருக்குச் சரியான பதம்.

இதில் இன்னும் அழகான சங்கதி, டில்னிக்கு 400 வருஷம் முந்திய ஒரு கவிஞருடையது. ஜெஃப்ரி சாசர் 1380-களில் எழுதிய 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசெய்ட்' காவியத்தின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில், பேச்சு காலத்தோடு மாறும் என்கிறார். ஒரு காலத்தில் மதிப்போடு இருந்த சொற்கள் இப்போது நமக்கு அசட்டுத்தனமாகவும் விநோதமாகவும் படுகின்றன என்கிறார். அந்த 'அசட்டுத்தனம்' என்ற இடத்தில் அவர் போட்ட சொல் எது தெரியுமா? நைஸ்தான். சொற்கள் மாறும் என்று சொல்லவே மாறப்போகிற ஒரு சொல்லைப் பிடித்துப் போட்டிருக்கிறார். இன்று ஓர் ஆங்கில மாணவன் குறிப்புரை இல்லாமல் அந்த வரியைப் படித்தால், பழைய சொற்கள் இனிமையாக இருக்கின்றன என்று சாசர் சொன்னதாக எடுத்துக்கொள்வான்.

மாவு உவமை இங்கே காலை வாருகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மாவு ஒரே திசையில்தான் போகும். ஐந்தாம் நாள் அதைக் கொட்டத்தான் வேண்டும். நைஸோ கசப்பில் தொடங்கி இனிப்பில் வந்து நிற்கிறது. இதற்கு நார்த்தங்காய் ஊறுகாய்தான் சரி. போட்ட அன்று வாயில் வைக்க முடியாது. உப்பில் மாதக்கணக்கில் கிடந்த பிறகு கசப்பு இறங்கி, மோர்சாதத்துக்கு அதைவிட்டால் வேறில்லை என்றாகும். மாவு போன வழியில் போன ஆங்கிலச் சொல் 'சில்லி'. இன்று அது அசட்டுத்தனம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது அருள்பெற்றவன், பாக்கியசாலி. அதன் ஜெர்மன் உறவான 'ஸேலிக்' இன்றும் அதே புனிதத்தோடு இருக்கிறது. பாக்கியசாலி சூதுவாது அறியாதவனானான், சூதுவாது அறியாதவன் பரிதாபத்துக்குரியவனானான், பரிதாபத்துக்குரியவன் 16-ஆம் நூற்றாண்டில் அசடானான். நைஸ் படியேறி வரும்போது சில்லி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவே எங்கேயோ இரண்டும் தோளில் இடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நமக்கும் இது தெரியாத கதை இல்லை. வெண்சங்கிடம் கண்ணனின் வாய் மணத்தைக் கேட்ட ஆண்டாள் 'நாறு' என்ற வினையைத்தான் கூச்சமில்லாமல் போட்டாள். இன்று அதைப் பூக்காரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மேலே ஏறிய நைஸுக்கு ஒரு விலையும் இருந்தது. விருந்தாளி வர வர ரசத்தில் தண்ணீர் சேர்க்கிற மாதிரி, எல்லாவற்றுக்கும் பரிமாறியதில் சொல் சப்பென்று ஆகிவிட்டது. 1926-இல் ஃபவுலர் தன் ஆங்கில நடைக் கையேட்டில், பெண்கள் அதிகமாகச் செல்லம் கொடுத்துச் சொல்லின் தனித்தன்மையையே உறிஞ்சிவிட்டார்கள் என்கிற மாதிரிப் பழிபோட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. கிளப்பிலும் கிரிக்கெட் மைதானத்திலும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆண்கள்தானே? ஆனால் நீர்த்துப்போனது நிஜம். டீ 'நைஸ் அண்ட் ஹாட்' என்றால் அங்கே நைஸுக்குத் தனியாகப் பொருளே கிடையாது. சூட்டுக்கு மேல் பறக்கிற ஆவி. கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தவனிடம் ஒருவர் "நைஸ்!" என்று மெல்லச் சொன்னால், மறுபடியும் உள்ளே பழைய முட்டாள் எட்டிப்பார்க்கிறான்.

இந்தத் தூக்கிலிருந்து நாமும் ஒரு கரண்டி எடுத்துவந்தோம். எடுத்தது நுண்மையும் மென்மையும் கலந்த பதம் போலத்தான் எனக்குப் படுகிறது. ஆங்கிலேயரிடம் மிளகாய்ப்பொடி நைஸ் என்று சொன்னால் நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். சலித்த பொடி என்று அவருக்குத் தோன்றாது. தமிழில் துணி நைஸ் என்றால் மெல்லியது, வழுவழுப்பானது. மலபாரில் காகிதம் போல் தட்டிய அரிசிப் பத்திரிக்கு நைஸ் பத்திரி என்றே பெயர். நம் வாய்க்கு 'நை' புதிதும் இல்லை: நைந்த துணி, நையப் புடைத்தல், நைந்துபோன மனசு. நசுங்கி இளகியதைக் குறிக்கும் நம் வேருக்குப் பக்கத்திலேயே அந்நியச் சொல் இலை போட்டு உட்கார்ந்துகொண்டது.

கொண்டுவந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. நெருடாமல் அரைத்தது தொண்டையில் நெருடாமல் இறங்கும். நெருடாமல் பேசுகிறவன் காரியத்தைச் சாதிப்பான்: "நைஸா பேசி வாங்கிட்டான்." சத்தமில்லாமல் நகர்கிறவன் வேலையிலிருந்து தப்பிப்பான்: "நைஸா கழண்டுகிட்டான்." ஒருத்தரை நைஸ் பண்ணுவது என்றால் ஐஸ் வைப்பதற்கு அடுத்த வீடு. லண்டன் பேத்திக்கு இந்த நைஸ் புரியவே இல்லை. பாட்டி தன்னைப் பாராட்டினார் என்று நினைத்து மாடியிலிருந்தே நன்றி சொன்னாள்.

ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் அவளிடமிருந்து வீடியோ கால். தானே குருமா வைத்தாளாம், கிண்ணத்தைக் கேமராவுக்கு முன்னால் சாய்த்துக் காட்டினாள். "ரொம்ப நைஸா வந்திருக்கு பாட்டி."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். "எந்த நைஸுடி? தேங்காயைச் சொல்றியா, குருமாவைச் சொல்றியா?"